சிட்டி ஆஃப் காட்: காட்சிமொழியும் கதைசொல்லலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2002-இல் வெளிவந்த பிரேசில் நாட்டுப் படம் 'சிட்டி ஆஃப் காட்'. இயக்கம் பெர்னாண்டோ மெய்ரெல்லஸ், இணை இயக்கம் காத்தியா லுண்ட். ஒளிப்பதிவு சேசர் சார்லோன், படத்தொகுப்பு டேனியல் ரெசெண்டி, திரைக்கதை பிராவ்லியோ மன்டோவானி. இந்தப் படத்தைப் பற்றிச் சினிமா மாணவர்களும் குறும்படம் எடுப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே. கதையின் திருப்பங்கள் எல்லாம் வெளிப்படையாகப் பேசப்படுகின்றன. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

படத்தில் என்ன கதை?

ரியோ டி ஜெனீரோவின் மேற்குப் பகுதியில் 'கடவுளின் நகரம்' என்றே பெயர் வைத்த ஒரு குடியிருப்பு. 1960-களில் அரசு கட்டியது. நகரின் குடிசைப் பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களும், 1966 வெள்ளத்தில் வீடிழந்தவர்களும் அங்கே கொண்டுபோய் விடப்பட்டார்கள். அந்த இடம் இருபது ஆண்டுகளில் எப்படி போதைப்பொருள் கும்பல்களின் போர்க்களமாக ஆனது என்பதுதான் கதை. சொல்பவன் புஸ்காபே. அங்கேயே வளர்ந்து, துப்பாக்கி எடுக்காமல் கேமரா எடுத்தவன்.

சப்டைட்டிலில் வேறு பெயர்கள் வருகின்றனவே?

ஆங்கிலச் சப்டைட்டில் பட்டப்பெயர்களை எல்லாம் மொழிபெயர்த்துவிட்டது. ராக்கெட் என்று வருபவன்தான் புஸ்காபே. லில் ஸே என்பவன் ஸே பெக்கேனோ, போதைப்பொருள் கும்பலின் தலைவன். சிறுவயதில் அவன் பெயர் தாதீன்யோ, அதாவது சின்னப் பகடைக்காய். பென்னி என்பவன் பெனே, ஸேயின் நெருங்கிய கூட்டாளி. நாக்-அவுட் நெட் என்று வருபவன் மானே கலீன்யா. கேரட் என்பவன் செனோரா, எதிர்க்கும்பலின் தலைவன்.

இந்த மொழிபெயர்ப்பில் இரண்டு இழப்புகள் உண்டு. புஸ்காபே என்றால் ராக்கெட் இல்லை. கொளுத்தினால் வானத்துக்குப் போகாமல், தரையிலேயே கோணல்மாணலாக ஓடி ஆட்களின் காலைத் துரத்துகிற வெடி. 'காலைத் தேடுவது' என்பதுதான் அந்தச் சொல்லின் நேர்ப்பொருள். படம் முழுக்க அந்தப் பையன் அப்படித்தான் ஓடுகிறான்: மேலே போக வழியில்லை, தரையில் சந்துக்குச் சந்து தப்பிக்கிறான். இன்னொன்று, கலீன்யா என்றால் கோழி. படம் கோழி துரத்தலில் தொடங்குகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கக் காட்சியில் அப்படி என்ன இருக்கிறது?

முதலில் ஒரு கத்தி. சாணைக்கல்லில் அது உரசுகிற ஒலி, ஒரு கணம் படம், அடுத்த கணம் கறுப்பு. பிறகு சம்பா இசை, சமையல், கொப்பளிக்கும் தண்ணீர், இறகு பிய்க்கப்படும் கோழிகள். இத்தனையையும் காலில் கயிறு கட்டப்பட்ட ஒரு கோழி பார்த்துக்கொண்டிருக்கிறது. படத்தொகுப்பாளர் கோழியின் முகத்துக்கும் கத்திக்கும் மாறி மாறி வெட்டுகிறார். ஒரு மனிதர் பார்ப்பதையும் அவர் பார்க்கும் பொருளையும் அடுத்தடுத்து வைத்தால் நாம் அவர் மனதுக்குள் போய்விடுவோம் என்பது சினிமாவின் பழைய பாடம். அதை ஒரு கோழிக்குச் செய்திருக்கிறார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, நமக்கு அந்தக் கோழி தப்பிக்க வேண்டும் என்று தோன்ற ஆரம்பித்துவிடுகிறது.

கோழி கயிற்றை உருவிக்கொண்டு ஓடுகிறது. ஸே பெக்கேனோவின் கூட்டம் துப்பாக்கிகளோடு துரத்துகிறது. கேமரா தரைமட்டத்துக்கு இறங்கிக் கோழியோடு ஓடுகிறது. அதே நேரத்தில் வேறு சந்தில் புஸ்காபே நண்பனோடு பேசிக்கொண்டே நடந்து வருகிறான். இரண்டு ஓட்டங்களும் ஒரே தெருவில் முட்டுகின்றன. முன்னால் கும்பல், பின்னால் போலீஸ், நடுவில் அவனும் கோழியும். 'பிடி அதை' என்கிறான் ஸே. புஸ்காபே கால்களை அகட்டிக் கைகளை விரித்துக் குனிகிறான். கேமரா அவனைச் சுற்றிச் சுழல்கிறது. சுழன்று முடியும்போது பின்னணி மாறியிருக்கிறது: புழுதி மைதானம், 1960-கள், அதே நிலையில் குனிந்து நிற்கும் ஒரு சிறுவன், கோல்கீப்பர்.

இதில் கற்றுக்கொள்ள வேண்டியது சுழற்சி இல்லை, அந்தக் குனிதல். கோழி பிடிக்கக் குனிவதும் பந்து பிடிக்கக் குனிவதும் ஒரே உடல்நிலை. அந்த ஒற்றுமை இருப்பதால்தான் காலமாற்றம் உடம்பில் உறைக்கிறது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் தலைச்சுற்றல்.

இதைச் செய்துபார்க்க நினைப்பவர்களுக்கு: இரண்டு ஷாட்டிலும் லென்ஸ், சுழலும் திசை, வேகம், சட்டகத்தில் ஆளின் அளவு எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். சிறுவன் உயரம் குறைவு என்பதால் கேமராவை அதே விகிதத்தில் இறக்கி, கொஞ்சம் அருகில் கொண்டுபோனால்தான் சட்டகத்தில் அவன் அளவு ஒத்துப்போகும். தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு எட்டாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை நொடி என்று வாயால் எண்ணிக்கொண்டே சுற்றுங்கள். இணைப்பைப் பின்னணி மிக வேகமாக மங்கி ஓடும் இடத்தில் வையுங்கள். பெரும்பாலும் தவறுவது வெளிச்சத்தின் திசை. முதல் ஷாட்டில் சூரியன் இடது பக்கம், இரண்டாவதில் வலது பக்கம் என்றால், இணைப்பை எவ்வளவு நன்றாக மறைத்தாலும் கண் பிடித்துவிடும்.

மூன்று காலங்களையும் வெவ்வேறு விதமாகப் படமாக்கியிருக்கிறார்கள் என்கிறார்களே, எப்படிக் கண்டுபிடிப்பது?

60-கள் பகுதியில் தரையைப் பாருங்கள். செம்மண், மஞ்சள் வெயில், அகலமான வானம். வீடுகள் வரிசையாக, நேர்கோட்டில். கேமராவும் பெரும்பாலும் நிலையாக நிற்கிறது, அடிவானம் சாயவில்லை, ஷாட்டுகளுக்கு மூச்சுவிட நேரம் இருக்கிறது. அன்றைய திருடர்கள் கேஸ் சிலிண்டர் லாரியை மறிக்கிற மூன்று இளைஞர்கள். காட்சிமொழியும் ஒரு பழைய மேற்கத்தியக் கௌபாய் படம்போல நிதானமாக இருக்கிறது.

70-களில் பையன்கள் இளைஞர்கள் ஆகிறார்கள். நிறம் கூடுகிறது: சட்டைகள், கடற்கரை, நடன அரங்கம், சோல் இசை. கேமரா தோளுக்கு ஏறுகிறது. திரை இரண்டாகப் பிரிகிறது, படம் உறைகிறது, எழுத்துகள் வருகின்றன. எடிட்டிங் விளையாட்டுத்தனமாக இருக்கிறது, ஏனென்றால் அந்த வயதும் அப்படித்தான். பெனே உயிரோடு இருக்கும்வரை இந்த நிறம் இருக்கும்.

பெனே செத்ததும் நிறம் வற்றுகிறது. 80-கள் நீலமும் சாம்பலும் இருட்டும். தொலைவிலிருந்து டெலி லென்ஸில் எடுத்த ஷாட்டுகள் கூடுகின்றன. முன்னால் சுவர், கம்பி, யாருடைய தோளோ மறைக்கிறது. யார் யாரைச் சுடுகிறார்கள் என்று தெரியவில்லை. ஷாட்டுகள் பாதியில் அறுபடுகின்றன. போர்க்களத்துச் செய்தி வீடியோ பார்ப்பதுபோல ஆகிவிடுகிறது.

இடமும் சேர்ந்து மாறுகிறது. 60-கள் பகுதியை நோவா செபெட்டிபா என்ற புதிய குடியிருப்பில் எடுத்தார்கள். அன்றைய கடவுளின் நகரம்போலவே ஒரே அச்சில் வார்த்த வீடுகள் அங்கே இருந்தன. உண்மையான கடவுளின் நகரத்தில் அப்போது படப்பிடிப்பு நடத்துவது ஆபத்து என்பதால், பிற்காலப் பகுதிகளில் பெரும்பங்கு சிடாஜி ஆல்ட்டா என்ற வேறொரு குடியிருப்பில் எடுக்கப்பட்டது.

நீங்களே சோதிக்க எளிய வழி: 15-ஆவது, 60-ஆவது, 110-ஆவது நிமிடங்களிலிருந்து ஐந்தைந்து நிமிடம் எடுத்து, ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் தாளில் ஒரு கோடு. கூடவே கேமரா நிலையா கையிலா, வானம் தெரிகிறதா இல்லையா என்று இரண்டு கட்டங்கள். வானம் எந்த அளவுக்குக் காணாமல் போகிறது என்பதை எண்ணிப் பார்க்கும்போதுதான் விஷயம் புரியும்.

ஏன் 16 மி.மீ. ஃபிலிம்? பணம் இல்லையா?

செலவு ஒரு காரணம்தான், ஆனால் முக்கியமானது நடிகர்கள். அவர்களில் பெரும்பாலானோர் முன்பு கேமராவைப் பார்த்தே இராதவர்கள். 'இந்த இடத்தில் நில், இந்தக் கோட்டைத் தாண்டாதே' என்றால் நடிப்பு செத்துவிடும். அதனால் கேமரா இலகுவாக இருக்க வேண்டும், நிறைய ஃபிலிம் ஓட வேண்டும். சூப்பர் 16, அதாவது சற்று அகலமான சட்டகம் கொண்ட 16 மி.மீ. ஃபிலிம், இரண்டுக்கும் ஒத்துவரும். 35 மி.மீ. ஃபிலிமும் சில இடங்களில் பயன்பட்டிருக்கிறது. எடுத்ததைக் கணினியில் ஏற்றி நிறம் திருத்தி, திரையரங்குக்காக 35 மி.மீ.-க்குக் கொண்டுபோனார்கள். மூன்று காலங்களுக்கும் மூன்று நிறம் என்பது இந்தக் கட்டத்தில்தான் இறுதி வடிவம் பெற்றது. இன்று இது வழக்கமான வேலை, அன்று புதிது.

சூப்பர் 16-இன் சட்டகப் பரப்பு 35 மி.மீ.-இல் சுமார் மூன்றில் ஒரு பங்கு. அதைப் பெரிய திரைக்குப் பெருக்கும்போது ஃபிலிமின் மணல்மணலான தன்மை, அதாவது கிரெய்ன், எழுந்து தெரியும். இந்தப் படத்தில் அது புழுதியாகவே மாறிவிடுகிறது.

லைட்டிங்கும் இதே தேவையிலிருந்து வந்தது. ஆளுக்கு விளக்கு வைக்காமல் அறைக்கு விளக்கு வைப்பது. ஜன்னல் வழியே வெளிச்சம், கூரையில் ஒரு குண்டு பல்பு, அவ்வளவுதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் படமெடுக்கலாம், ஸ்டாண்டு சட்டகத்துக்குள் வராது. முகம் ஒரு கணம் இருட்டுக்குள் போய்விட்டால் போகட்டும் என்று விட்டுவிடுகிறார் சார்லோன். அந்தத் துணிச்சலில்தான் படத்தின் உயிர் இருக்கிறது. முகத்தைக் காப்பாற்றக் கூடுதலாக ஒரு விளக்கு வைத்திருந்தால் அந்தப் பையன்கள் நடிகர்களாகத் தெரிந்திருப்பார்கள்.

நடிகர்களை எப்படித் தயார்செய்தார்கள்?

ரியோவின் குடிசைப் பகுதிகளில் சுமார் 2,000 பேரைப் பார்த்து, அவர்களில் ஏறத்தாழ 200 பேரைத் தேர்ந்தெடுத்து, மாதக்கணக்கில் பயிற்சிப் பட்டறை நடத்தினார்கள். விடிகல் பகுதியில் இயங்கும் 'நோஸ் டு மோஹோ' நாடகக் குழுவின் குட்டி ஃப்ராகா இதில் துணைநின்றார். கடைசிக் கட்டத்தில் நடிப்புப் பயிற்சியாளர் ஃபாத்திமா டொலேடோ வந்தார். பயிற்சியில் பையன்களிடம் வசனத்தாள் கொடுக்கவில்லை. 'நீ இந்தக் கடைக்காரனிடம் பணம் வாங்க வந்திருக்கிறாய், அவன் தரமாட்டேன் என்கிறான்' என்று சூழலை மட்டும் சொல்வார்கள். பையன்கள் தங்கள் பேச்சில் சண்டை போடுவார்கள். அதில் நன்றாக வந்த வரிகளைத் திரைக்கதையில் எழுதிக்கொள்வார்கள். பின்னர் படப்பிடிப்பில் அதே பையன் அதே வரியைச் சொல்லும்போது அது அவனுடைய சொந்தப் பேச்சு.

இதற்கெல்லாம் முன்னோட்டமாக 2000-இல் இரண்டு சிறுவர்களை வைத்து 'பலாஸ் 2' என்ற குறும்படத்தை எடுத்துப் பார்த்தார்கள். அந்த இருவரில் ஒருவர்தான் பெரிய படத்தில் தாதீன்யோவாக வரும் டக்ளஸ் சில்வா. பெரிய வேலைக்கு முன் அதே ஆட்களோடு சின்னதாக ஒன்றை எடுத்துப் பார்ப்பது யாருக்கும் கட்டுபடியாகிற பழக்கம்.

தொழில்முறை நடிகர்கள் மிகக் குறைவு. செனோராவாக வரும் மத்தேவுஸ் நாக்டெர்கலே அவர்களில் ஒருவர். அவரைத் தனியாக அடையாளம் காண முடியாததே பட்டறையின் வெற்றி.

நாவலை எப்படித் திரைக்கதையாக்கினார்கள்?

பாவ்லோ லின்ஸ் அந்தக் குடியிருப்பில் வளர்ந்தவர். அங்கே நடந்த மானிடவியல் ஆய்வில் உதவியாளராகச் சேகரித்த விஷயங்களும் அவருடைய நாவலுக்கு அடிப்படை. 1997-இல் வெளிவந்தது. நூற்றுக்கணக்கான பாத்திரங்கள், படர்க்கையில் சொல்லப்பட்ட கதை. அதில் புஸ்காபே ஒரு சிறிய பாத்திரம். மன்டோவானி செய்த முதல் பெரிய முடிவு, அவனைக் கதைசொல்லியாக ஆக்கியது.

இந்த ஒரு முடிவு நிறையச் சிக்கலைத் தீர்த்துவிட்டது. அத்தனை பாத்திரங்களை வரிசையாக அறிமுகம் செய்ய நேரமில்லை. ஊர்க்காரன் ஒருவன் சொன்னால் வேலை முடிந்தது. அவன் திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறவன்போலவே பேசுகிறான். ஒருவன் பெயரை எடுப்பான், படம் உறையும், 'இவன் கதைக்கு இன்னும் நேரம் வரவில்லை' என்று விட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போவான். ஒரு கதையைச் சொல்ல ஆரம்பித்து, 'அதற்கு முதலில் இதைச் சொல்ல வேண்டும்' என்று பத்து வருடம் பின்னால் போவான். பின்னணிக் குரல் படத்தில் தெரிவதையே திருப்பிச் சொன்னால் சலிப்பு. இங்கே குரல் சொல்வது ஒழுங்கை: எது முதலில், எது பிறகு, எது இப்போது வேண்டாம்.

அதோடு அவன் புகைப்படக்காரன். சிறுவனாக இருக்கும்போது, அந்த மூன்று திருடர்களில் ஒருவனான, போலீஸ் சுட்டுக் கொன்ற கபெலேராவின் உடலைப் பத்திரிகைக்காரர் படம் எடுப்பதைப் பார்த்துத்தான் அவனுக்குக் கேமரா ஆசை வருகிறது. ஆக, படம் அடிக்கடி உறைவதற்கும், முகங்கள் திடீரென்று நின்றுபோவதற்கும் கதையிலேயே காரணம் இருக்கிறது: சொல்பவன் அப்படித்தான் பார்க்கிறான்.

'அபார்ட்மெண்ட்டின் கதை' பகுதி எப்படி எடுக்கப்பட்டது? நாங்களும் முயலலாமா?

தாராளமாக. இந்தப் படத்திலேயே குறைந்த செலவில் அதிகம் சொல்லும் இடம் அதுதான்.

ஒரு வீட்டின் கூடம். கேமரா ஓரிடத்தில், அகல லென்ஸோடு, அசையாமல். முதலில் அங்கே இருப்பவள் ஒரு விதவை; பிள்ளைகளை வளர்க்கக் கஞ்சா விற்க ஆரம்பிக்கிறாள். அவளிடமிருந்து ஒருவன், அவனிடமிருந்து இன்னொருவன் என்று வீடு கைமாறுகிறது. ஆட்கள் கரைந்து தோன்றி மறைகிறார்கள். ஒவ்வொரு முறையும் வீட்டுச் சாமான் குறைகிறது, சுவர் அழுக்காகிறது, வெளிச்சம் இறங்குகிறது. கடைசியில் அது வீடு இல்லை, விற்பனைக் கிடங்கு. ஒரு தொழில் ஒரு வாழ்விடத்தைத் தின்ற வரலாறு மொத்தமும் சில நிமிடங்களில், கேமராவை ஒரு அங்குலம் நகர்த்தாமல். வேகத்துக்குப் பேர்போன இந்தப் படத்தில் மிகவும் அழுத்தமான பகுதி அசையாத ஷாட் என்பதை, அதைப் பின்பற்ற நினைப்பவர்கள் பார்க்கத் தவறுகிறார்கள்.

முயல்பவர்களுக்கு முறை: ட்ரைபாடின் மூன்று கால்களையும் தரையில் டேப்பால் குறியுங்கள், முடிந்தால் கால்களுக்கு நடுவே மணல் மூட்டை தொங்கவிடுங்கள். ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை), ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) மூன்றையும் மேனுவலுக்கு மாற்றிப் பூட்டுங்கள். ஷட்டர் 1/50 நொடி, நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இதில் பல்பு மினுக்காது. ஐந்து நிலைகள் போதும். சாமான் நிறைந்த நிலையை முதலில் எடுத்து, பிறகு அகற்றிக்கொண்டே போங்கள். திரும்ப அடுக்குவதைவிட அகற்றுவது எளிது. ஒவ்வொரு நிலையிலும் ஆள் இல்லாத வெறும் அறையைப் பத்து நொடி தனியாக எடுத்துவையுங்கள். கரைத்துச் சேர்க்கும்போது அது இல்லாமல் திண்டாடுவீர்கள். கரைதலின் நீளம் ஒன்று முதல் இரண்டு நொடி, அதாவது 24 முதல் 48 ஃப்ரேம்.

தவறு நடப்பது மூன்று இடங்களில். நடுவில் பேட்டரி மாற்றக் கேமராவைத் தொட்டுவிடுவார்கள். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கரையும்போது சுவர் துள்ளும். இரண்டாவது, ஜன்னல் வெயில் நகர்ந்துகொண்டே இருக்கும். ஜன்னலைத் துணியால் மூடிவிட்டு வெளியிலிருந்து விளக்கு அடித்தால் வெளிச்சம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். மூன்றாவது, ஆட்டோ ஃபோகஸ். ஆள் உள்ளே வந்ததும் லென்ஸ் லேசாக மூச்சு விட்டதுபோலச் சட்டகம் விரிந்து சுருங்கும். இதைப் பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

மோட்டல் கொள்ளையை ஏன் இரண்டு முறை காட்டுகிறார்கள்?

முதல் முறை, மூன்று திருடர்களும் மோட்டலைக் கொள்ளையடிக்கப் போகிறார்கள். தாதீன்யோ பொடியன் என்று வெளியே காவலுக்கு நிறுத்தப்படுகிறான். போலீஸ் வந்தால் ஜன்னலைச் சுடு என்கிறார்கள். சுடுகிறான், ஓடிவிடுகிறார்கள். பிறகு நாம் பார்ப்பது பிணங்களை மட்டும். யார் கொன்றது? படம் அதைப் பற்றி வாய் திறக்காமல் நகர்ந்துவிடுகிறது. பார்க்கும் நமக்கும் அந்தத் திருடர்கள்மேல்தான் சந்தேகம்.

வெகுநேரம் கழித்து, தாதீன்யோ வளர்ந்து ஸே பெக்கேனோ என்ற பெயரோடு அந்த அபார்ட்மெண்ட் கதவைத் தட்டிய பிறகு, படம் திரும்பிப் போகிறது. போலீஸ் வரவே இல்லை. ஜன்னலைச் சுட்டுவிட்டு, மற்றவர்கள் ஓடியதும், அந்தப் பொடியன் உள்ளே போகிறான். சிரித்துக்கொண்டே சுடுகிறான்.

முதலிலேயே காட்டியிருந்தால் அதிர்ச்சி மட்டும் இருந்திருக்கும். தள்ளி வைத்ததால், இடைப்பட்ட ஆண்டுகளில் அவனைச் சாதாரண ரவுடிப் பையனாக நினைத்துக்கொண்டிருந்த நம் நினைப்பையே திருத்த வேண்டியதாகிறது.

இதே முறை இரண்டாம் பாதியில் இன்னும் நுட்பமாக வருகிறது. மானே கலீன்யாவை நாம் முதலில் பார்ப்பது பஸ் கண்டக்டராக. புஸ்காபேயும் நண்பனும் அந்தப் பஸ்ஸைக் கொள்ளையடிக்க ஏறி, அவன் நல்லவனாக இருக்கிறானே என்று விட்டுவிடுகிறார்கள். சிரிப்பு வரவழைக்கும் காட்சி, யாரும் பெரிதாக நினைவில் வைக்கமாட்டார்கள். பின்னால் ஸே அவன் காதலியைச் சீரழித்து, அவன் குடும்பத்தில் உயிர்ப்பலி வாங்கியபின் அவன் துப்பாக்கி எடுக்கிறான். அப்பாவிகளைக் கொல்லக் கூடாது என்பது அவன் போடும் விதி. வரிசையாக மூன்று கொள்ளைகள்: முதலில் விதி, அடுத்து விதிவிலக்கு, அதற்கடுத்து விதிவிலக்கே விதி. கொள்ளையில் அவன் சுட்ட ஒரு காவலாளியின் மகன்தான் ஓட்டோ. அந்தப் பையன் அப்பாவைக் கொன்றவனைத் தேடி இவன் கும்பலிலேயே சேர்கிறான். கடைசிச் சண்டையில், முதுகுப் பக்கமிருந்து ஓட்டோ சுட்ட பிறகுதான் நமக்குக் காரணம் காட்டப்படுகிறது. மாற்றம் மூன்று கொள்ளைகளில் வேகமாக ஓடிவிடுவதால், அந்தக் காவலாளியை நாமும் மறந்துபோயிருப்போம். மானே கலீன்யாவைப் போலவே.

பெனேவின் விருந்துக் காட்சியில் விளக்கு மின்னுவதால் ஒன்றும் தெரியவில்லையே?

அதற்காகத்தான். நடன அரங்கில் ஸ்ட்ரோப் விளக்கு வெட்டி வெட்டி எரிகிறது. பெனே ஊரைவிட்டுப் போகப்போகிறான், புஸ்காபேக்கு ஒரு கேமராவைக் கொடுக்க வருகிறான், ஸே அதைப் பிடுங்குகிறான், இழுபறி. கூட்டத்தில் ஒருவன் ஸேயைக் குறிவைக்கிறான், குண்டு பெனேமேல் பாய்கிறது. ஒவ்வொரு மின்னலுக்கும் நடுவே இருட்டு. இருட்டில் நடந்ததை நம் மனம் நிரப்புகிறது. ஒவ்வொரு மின்னலும் கேமராவின் ஃப்ளாஷ்போலத் தனித்தனிப் படமாக நிற்பதையும் கவனியுங்கள்.

டிஜிட்டல் கேமராவில் இதைச் செய்தால் ஒரு தொல்லை வரும். பெரும்பாலான கேமராக்களின் சென்ஸார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால், மின்னல் பாதியில் விழுந்து, சட்டகத்தில் மேல் பாதி வெளிச்சம், கீழ் பாதி இருட்டு என்று பட்டை விழும். மின்னும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டுங்கள், அல்லது எல்லா வரியையும் ஒரே நேரத்தில் படிக்கும் குளோபல் ஷட்டர் கேமராவை வாடகைக்கு எடுங்கள். வலிப்புப் பிரச்சினை உள்ளவர்கள் படப்பிடிப்புக் குழுவில் இருக்கிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வன்முறையை அழகாக்குகிறது என்ற குற்றச்சாட்டு உண்மையா?

படம் வந்தபோதே எழுந்த விவாதம் இது. 1965-இல் இயக்குநர் கிளாபர் ரோஷா 'பசியின் அழகியல்' என்று பேசினார்; வறுமையை அழகுபடுத்தாமல் அதன் சீற்றத்தோடு காட்ட வேண்டும் என்பது அவர் வாதம். விமர்சகர் இவானா பென்டிஸ் அதைத் திருப்பி, இப்போதைய படங்களில் இருப்பது 'பசியின் ஒப்பனை' என்றார். அதே குடியிருப்பைச் சேர்ந்த ராப் பாடகர் எம்.வி. பில், படம் அங்கே வாழும் மக்கள்மேல் முத்திரை குத்திவிட்டது என்று கண்டித்தார். பில்லின் கண்டனத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. அங்கே வேலைக்குப் போய்வந்த ஆயிரக்கணக்கானோர் இந்தப் படத்தில் ஓரத்தில்தான் வருகிறார்கள்.

'ஒப்பனை' என்ற குற்றச்சாட்டுக்கு எங்கள் பதில், சிறுவர்கள் சுடப்படும் காட்சி. கடைகளில் திருடிய இரண்டு பொடியன்களை ஸே மடக்குகிறான். கையிலா காலிலா, எங்கே சுடட்டும் என்கிறான். பிறகு தன் கும்பலில் சேர வந்த சிறுவன் ஒருவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, இருவரில் ஒருவனைக் கொல்லச் சொல்கிறான். அதுவரை துள்ளிக்கொண்டிருந்த படம் நின்றுவிடுகிறது. கேமரா அழும் குழந்தையின் முக உயரத்துக்கு இறங்கி அங்கேயே இருக்கிறது. இந்த இடத்தில் அழகாக எதுவும் இல்லை. எங்கே வேகம், எங்கே நிறுத்தம் என்று தெரிந்தவர்கள் எடுத்த காட்சி அது. ஆனாலும் சில துப்பாக்கிச் சண்டைகளில் இசையும் வெட்டும் சேர்ந்து கிளர்ச்சி ஊட்டுவதை மறுக்க முடியாது. குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம் இல்லை.

இதே பாணியில் எடுத்த குறும்படங்கள் ஏன் எடுபடுவதில்லை?

உறைந்த சட்டகம், பெயர் எழுத்து, வேக வெட்டு, மஞ்சள் நிறம் நான்கையும் எடுத்துக்கொண்டு, அவை செய்த வேலையை விட்டுவிடுவதால். ஒரு ஷாட்டை உறையவைக்கிறீர்கள் என்றால், உறையவைப்பது யார்? இங்கே அது புஸ்காபே. உங்கள் கதையில் சொல்பவனே இல்லையென்றால் உறைதலுக்கு உரிமையாளர் இல்லை. நிறம் மாறுகிறது என்றால், எது மாறியதால் மாறுகிறது? இங்கே ஓர் ஊர் மாறுகிறது. பன்னிரண்டு நிமிடக் குறும்படம், ஒரே இரவில் நடக்கும் கதை என்றால் ஒரே நிறம் போதும். கையில் பிடித்த கேமராவும் அப்படித்தான்: தொடக்கத்தில் நிலையாக நின்ற கேமரா பின்னால் ஆடினால்தான் ஆட்டம் தெரியும். முதல் ஷாட்டிலிருந்தே ஆடினால் இரண்டு நிமிடத்தில் கண் பழகிவிடும்.

எடிட்டிங் மேசையில் ஒரு பயிற்சி: உங்கள் படத்தில் செய்த ஒவ்வொரு வித்தையையும் ஒவ்வொன்றாக நீக்கிவிட்டு நேர் வெட்டு வைத்துப் பாருங்கள். காட்சி புரிவதோ உணர்வோ குறையவில்லை என்றால் அந்த வித்தை வேண்டாம்.

விருதுகள் கிடைத்தனவா?

2002 மே மாதம் கான் விழாவில் போட்டிக்கு வெளியே திரையிடப்பட்டது. பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் படத்தொகுப்பு விருதை ரெசெண்டி வாங்கினார். 2004 ஆஸ்கரில் இயக்கம், தழுவல் திரைக்கதை, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என நான்கு பரிந்துரைகள். விருது எதுவும் கிடைக்கவில்லை. இயக்கத்துக்கான பரிந்துரை மெய்ரெல்லஸ் பெயரில் மட்டும் இருந்தது.

இரண்டாம் முறை பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

கோழிக் காட்சி முடிவுக்கு அருகில் மறுபடி வரும். முதல் முறை அந்தத் தெருவில் நிற்பவர்கள் யாரென்று தெரியாது. இப்போது ஒவ்வொருவரின் கதையும் தெரியும். அதே தெருவில் பயம் வேறாக இருக்கிறது. அதன்பின் புஸ்காபே எடுக்கும் புகைப்படங்களைப் பின்தொடருங்கள். அவனிடம் இரண்டு படங்கள்: போலீஸ்காரர்கள் ஸேயிடம் பணம் பறிப்பது ஒன்று, ஸேயின் பிணம் ஒன்று. முதலாவதைக் கொடுத்தால் பெயர் கிடைக்கும், உயிர் போகும். அவன் இரண்டாவதைக் கொடுக்கிறான். அந்தக் கடைசி மோதலில் நாம் பார்த்ததில் பத்திரிகைக்குப் போனது அந்த ஒரு பிணம் மட்டும்தான்.

கடைசியில் எழுத்துகள் ஓடத் தொடங்கியதும் எழுந்துவிடாதீர்கள். மானே கலீன்யா காயத்தோடு தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுக்கும் காட்சி படத்தில் வந்திருக்கும். நடித்தவர் பாடகர் சேவு ஜார்ஜ். அசலான மானே கலீன்யா அன்று கொடுத்த பேட்டியின் பழைய செய்திப் பதிவு முடிவு எழுத்துகளோடு வருகிறது. அதைப் பார்த்துவிட்டு, நடித்த பேட்டிக்குத் திரும்பிப் போய், கேமரா அவர் முகத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, அவர் எந்தப் பக்கம் பார்த்துப் பேசுகிறார் என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.